2 லிட்டர் 340 மில்லி எங்கே போனது? உலாவிக்குள் நடந்த ஒரு பிழை வேட்டை

பால் ஊற்றுகிறவர் தந்த புகார் ஒரே வரிதான். பத்து நாள் பட்டுவாடாவில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது. அவர் வேளைக்கு வேளை கிடைத்த ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டியும் வைத்திருந்தார். கொள்முதல் நிலையத்தில் இருந்த பையன் கணினி தப்பு செய்யாது என்று சொல்லியிருக்கிறான். பெரியவர் பதிலுக்கு, ‘தம்பி, எனக்குக் கணினி தெரியாது, கூட்டல் தெரியும்’ என்றாராம்.

அந்தக் கணினியில் ஓடிய நிரல் எங்களுடையது. எடைக்கருவி தொடர் இணைப்பு வழியாக அனுப்பும் அளவைப் படித்து, உறுப்பினரின் கணக்கில் கூட்டி, சிறிய வெப்ப அச்சுப்பொறியில் ரசீது அடிக்கும் ஒரு சி நிரல். ஏஆர்எம் செயலி கொண்ட, உள்ளங்கை அளவிலான லினக்ஸ் பலகை ஒன்றில் அது ஓடியது. திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. நான்கு பொத்தான்களும் இரண்டு வரிக் காட்டியும்தான்.

இந்த ஆய்வில் நான் சொல்லப்போவது அந்தப் பிழையைப் பற்றியும், அதைப் பிடிக்க நாங்கள் பயன்படுத்திய ஜிடிபி-ஜியுஐ என்ற கருவியைப் பற்றியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பிழையைப் பிடித்தது கேள்வி கேட்டு அல்ல, கண்ணில் பட்டு.

முதலில் போன தவறான வழி

நிரல் இரண்டு ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு முக்கியமான மாற்றம் செய்திருந்தோம். உறுப்பினரின் பத்து நாள் மொத்தம் அதுவரை எட்டு பைட் தசம எண்ணாக, சி மொழியில் ‘டபுள்’ என்கிறோமே அந்த வகையில், இருந்தது. லிட்டரைத் தசமத்தில் கூட்டிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் அவ்வப்போது ஒன்று தள்ளி விழும். அதைத் தவிர்க்க, பத்து மில்லியை ஓர் அலகாக வைத்து நான்கு பைட் முழு எண்ணாக மாற்றினோம். 56.10 லிட்டர் என்றால் உள்ளே 5610. செய்தவர் எங்கள் குழுவின் இளைய பொறியாளர். செய்தது சரியான வேலை.

புகார் வந்ததும் எல்லாருடைய விரலும் அந்த மாற்றத்தை நோக்கித்தான் நீண்டது. எங்கோ தசமத்தை முழு எண்ணாக்கும்போது வெட்டுப்படுகிறது என்று தீர்மானித்து, இரண்டு நாள் கூட்டல் பகுதியை வரி வரியாக மேய்ந்தோம். எதுவும் கிடைக்கவில்லை. நினைவகத் தவறுகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவியை ஓட்டினோம், சுத்தம் என்றது. அதே வேலையைச் செய்யும் அட்ரஸ் சானிடைசரோடு தொகுத்து ஓட்டினோம், அதுவும் சுத்தம் என்றது. இந்த இரண்டு சான்றிதழ்களும் எங்களை ஏமாற்றின. ஏன் என்பது பின்னால் வரும்.

அலுவலகத்தில் பிழையை மறுபடி நிகழ்த்தவும் முடியவில்லை. எங்கள் சோதனைப் பட்டியலில் உறுப்பினர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் ‘டெஸ்ட் 1’, ‘டெஸ்ட் 2’ என்று இருந்தன. ஆயிரம் ரசீது அடித்தாலும் கணக்கு இம்மி பிசகவில்லை. கடைசியில் நிலையத்தின் உண்மையான உறுப்பினர் பட்டியலையும், ஒவ்வொரு ஊற்றலும் தனித்தனியாகப் பதிவாகும் உரைக் கோப்பையும் கொண்டுவந்து, அதே மாதிரிப் பலகை ஒன்றில் போட்டு, எடைக்கருவிக்குப் பதிலாக அந்தப் பதிவுகளையே வரிசையாக ஊட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதி ஓட்டினோம். பிழை வந்தது. வந்ததும் ஓரிருவருக்கு மட்டும் வந்தது. அவர்களில் 87ஆம் எண்காரர் நம் பெரியவர்.

ஏன் உலாவி

சி, சி++, ரஸ்ட், கோ, ஃபோர்ட்ரான் என்று இயந்திர மொழியாகத் தொகுக்கப்படும் நிரல்களை நடுவழியில் நிறுத்திப் பார்க்க லினக்ஸ் உலகில் பெரும்பாலும் எல்லாரும் போய்ச் சேரும் இடம் ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய பிழைதிருத்தி. அதன் இயல்பு கேள்வி பதில். ‘இந்த மாறியைக் காட்டு’ என்றால் காட்டும், ‘அடுத்த வரி’ என்றால் நகரும். கேட்காததைச் சொல்லாது. எங்கள் குழுவின் மூத்தவர் இருபது ஆண்டுகளாக அதோடு பேசிப் பழகியவர். அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். எனக்கோ நான்காவது கட்டளைக்குப் பிறகு முதல் கட்டளையின் விடை திரையின் மேலே போய் மறைந்துவிடும், மனத்திலிருந்தும் மறைந்துவிடும்.

நிரல் எழுத வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருளில் தொலை இணைப்பு போட்டுப் பார்த்தோம். அது பலகைக்குள் தனக்கென ஒரு பெரிய சேவையகத்தை நிறுவிக்கொண்டு, இருந்த ஒரு ஜிபி நினைவகத்தில் பாதியை விழுங்கிவிட்டு மூச்சு வாங்கியது. அப்போதுதான் சாட் ஸ்மித் எழுதிய ஜிடிபி-ஜியுஐ நினைவுக்கு வந்தது. பைதான் மொழியில் எழுதப்பட்ட, திறந்த மூலத்தில் கிடைக்கும் கருவி. பைதான் கருவிகளை நிறுவித் தரும் ‘பிப்எக்ஸ்’ வழியாக ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். அது தானாகப் பிழை தேடுவதில்லை. அந்தப் பழைய ஜிடிபியையே பின்னால் ஓடவிட்டு, அது சொல்வதை உலாவிப் பக்கமாக வரைந்து காட்டுகிறது.

‘உலாவியில் பிழைதிருத்தமா? அடுத்து மாவாட்டவும் உலாவி வருமாப்பா?’ என்றார் மூத்தவர்.

‘வரட்டும் சார், ஆட்டுவது பழைய கல்தான்’ என்றேன்.

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஜிடிபிக்கு மனிதர்களிடம் பேச ஒரு மொழியும், வேறு நிரல்களிடம் பேச இன்னொரு மொழியும் உண்டு. இரண்டாவதை இயந்திர இடைமுகம் என்பார்கள், சுருக்கமாக எம்ஐ. அந்த மொழியில் ஒவ்வொரு பதிலும் ஒரு குறியோடு தொடங்கும். கூரைக் குறி வந்தால் நீ கேட்டதற்கான விடை; நட்சத்திரக் குறி வந்தால் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது அல்லது நின்றுவிட்டது என்ற செய்தி; அலைக்குறி வந்தால் மனிதர் படிப்பதற்கான உரை. இந்தக் கருவியின் பைதான் பகுதி அந்த வரிகளைப் பிரித்தெடுத்து, திறந்தே இருக்கும் ஒரு வெப்சாக்கெட் குழாய் வழியாக உலாவிக்குத் தள்ளுகிறது. மூல நிரலைக் காட்டுவது, மாறிகளை மரமாக விரிப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாம் நம் மடிக்கணினியின் தலையில். பலகைக்கு மிச்சமாகும் சுமை ஒரு ஜிடிபியும் ஒரு சிறு பைதான் செயல்முறையும்தான். அந்த ஏழைப் பலகைக்கு இது தோதாக இருந்தது.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலட்சியமாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கருவி இயல்பாக 127.0.0.1 என்ற உள் முகவரியில், 5000ஆம் துறையில் (போர்ட்) மட்டுமே காத்திருக்கும். அதாவது அதே இயந்திரத்தில் இருப்பவர் மட்டும் பார்க்கலாம். வேறு கணினியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் முகவரியை 0.0.0.0 என்று மாற்றிவிடலாம், உடனே வேலை செய்யும். ஆனால் ஜிடிபிக்குள் ‘ஷெல்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொண்டு அந்த இயந்திரத்தில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆக, அப்படித் திறந்து வைப்பதும், வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு ஊருக்குப் போவதும் ஒன்றுதான். கடவுச்சொல் வைக்க வசதி இருக்கிறது. நாங்கள் அதையும் நம்பாமல், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்புக்குள் ஒரு சுரங்கம் போட்டு, மடிக்கணினியின் 5000ஆம் துறையைப் பலகையின் 5000ஆம் துறையோடு இணைத்துக்கொண்டோம். பலகை வெளியே எந்தக் கதவையும் திறக்கவில்லை.

நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளவும் இந்தக் கருவியில் வழி உண்டு. செயல்முறை எண்ணைக் கொடுத்தால் போதும், அனுமதி இருந்தால். ஆனால் ஒட்டிக்கொண்ட அந்த நொடியே நிரல் நின்றுவிடும். காலை ஆறரை மணிக்குக் கையில் தூக்குவாளியோடு நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த யோசனையை யாரும் இரண்டாவது முறை எடுக்கவில்லை.

முதல் நாள்: படிக்கட்டு

வெளியீட்டுக்கான தொகுப்பை அப்படியே ஏற்றிப் பார்த்தேன். நிரல் நிற்க வேண்டும் என்று நான் குறித்த நிறுத்தப்புள்ளிகள் எங்கெங்கோ தாவின. பாதி மாறிகளுக்கு எதிரே மதிப்புக்குப் பதிலாக, உகப்பாக்கத்தில் நீக்கப்பட்டது என்ற குறிப்புதான் இருந்தது. தொகுப்பி வேகத்துக்காக வரிகளைக் கலைத்துப் போட்டிருந்தால் பிழைதிருத்தி என்ன செய்யும்? பிழைதிருத்தத் தகவலோடு, உகப்பாக்கம் இல்லாமல் மறுபடி தொகுத்தேன். இப்படி மாற்றும்போது சில பிழைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். இது ஒளியவில்லை. அதுவே ஒரு துப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உலாவியில் மூல நிரல் விரிந்தது. வரி எண்ணின் மேல் சொடுக்கினால் நிறுத்தப்புள்ளி விழும். கூட்டல் நடக்கும் வரியில் ஒன்றைப் போட்டு, அதற்கு நிபந்தனையாக உறுப்பினர் எண் 87 என்று கொடுத்தேன். வலப்பக்கப் பலகத்தில் 87ஆம் எண்காரரின் மொத்தத்தை ஒரு கோவையாகச் சேர்த்தேன். இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன வசதி, அப்படிச் சேர்த்த எண் கோவையின் பழைய மதிப்புகளை அது நினைவில் வைத்துக்கொண்டு வரைபடமாகப் போட்டுக் காட்டும். பெரும்பாலும் இதை யாரும் தொடுவதில்லை. நானும் சும்மாதான் திறந்து வைத்தேன்.

‘தொடர்’ என்பதற்கான விசையை அழுத்திக்கொண்டே போனேன். ஒவ்வொரு வேளையும் ஆறு லிட்டர் சொச்சம். வரைபடம் படிக்கட்டாக ஏறியது. ஒன்பதாவது ஊற்றல் முடிந்தபோது 5610. பத்தாவது ஊற்றலுக்காக நிரல் நின்றபோது, கூட்டல் இன்னும் நடக்கவில்லை, வரைபடம் ஒரு படி கீழே இறங்கியிருந்தது. 5376.

கூட்டுவதற்கு முன்பே குறைந்துவிட்டது. அப்படியானால் கூட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு நாளாக நாங்கள் துருவிய பகுதி நிரபராதி. அந்த இளைய பொறியாளரும்தான். குறைந்தது 234 அலகு, 2 லிட்டர் 340 மில்லி. பெரியவரின் காலண்டர் சொன்னதும் அதே எண்.

இரண்டு ஊற்றல்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று பதிவுக் கோப்பைப் பார்த்தேன். புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். பையன் ‘பட்டியலைப் புதுப்பி’ என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறான்.

இரண்டாம் நாள்: முப்பத்திரண்டு கட்டங்கள்

இனி ‘இந்த இடத்தில் யார் கை வைத்தாலும் சொல்’ என்று கேட்க வேண்டியதுதான். ஜிடிபியில் அதற்குக் கண்காணிப்புப் புள்ளி என்று பெயர். செயலியிலேயே இதற்கென்று சில பதிவகங்கள், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவு இடங்கள், உண்டு. இன்டெல் வகைச் செயலிகளில் நான்கு. அவற்றில் ஒரு முகவரியைப் போட்டுவிட்டால், அந்த இடத்தில் எழுதப்படும்போது செயலியே நிரலை நிறுத்தும். வேகம் குறையாது. இதற்கு நான் எந்தப் பொத்தானையும் தேடவில்லை. பக்கத்தின் அடியில் ஜிடிபியின் சொந்த முனையம் அப்படியே திறந்திருக்கிறது. அதில் ‘வாட்ச்’ கட்டளையைத் தட்டினேன். மாறியின் பெயரை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயர் செல்லுபடியாகும் செயற்கூறு முடிந்ததும் கண்காணிப்பும் முடிந்துவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு அதன் முகவரியைக் கண்காணிக்கும் தெரிவோடு கொடுத்தேன். மூத்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘கடைசியில் தட்டச்சுக்குத்தான் வந்தாய்’ என்றார்.

‘பட்டியலைப் புதுப்பி’. நிரல் நின்றது. பழைய மதிப்பு 5610, புதிய மதிப்பு 5376.

நின்ற இடம் எங்கள் நிரல் அல்ல. மூலம் கிடைக்காததால் நடுப் பலகத்தில் அசெம்பிளிக் கட்டளைகள் வரிசையாக நின்றன. சி நூலகத்தின் ‘ஸ்டர்காப்பி’, சரத்தை நகலெடுக்கும் செயற்கூறு. எந்தச் செயற்கூறை எது அழைத்தது என்று காட்டும் அழைப்பு அடுக்கில் அடுத்த படியைச் சொடுக்கினேன். இப்போது எங்கள் வரி வெளிச்சத்தில் வந்தது. உறுப்பினரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்து, நினைவகத்தில் அவருக்கென உள்ள பதிவில் எழுதும் வரி.

பெயரை எழுதினால் பால் ஏன் குறைய வேண்டும்?

அந்தக் கணத்தில் திரையில் மூன்று விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் நகலெடுக்கும் வரி. வலப்பக்கம் மேலே 87ஆம் பதிவு மரமாக விரிந்து, எண், பெயர், மொத்தம் என்று. அதற்குக் கீழே நினைவகப் பலகம். இந்தக் கருவியில் எந்த முகவரி தென்பட்டாலும் அதைச் சொடுக்கி அந்த இடத்து நினைவகத்தைப் பைட் பைட்டாகப் பார்க்கலாம். பெயரின் முகவரியைச் சொடுக்கி, ஒரு வரிக்கு எத்தனை பைட் என்ற கட்டத்தில், பெயருக்கு ஒதுக்கிய அளவு 32 என்பதால், 32 என்று போட்டேன். இது திட்டமிட்ட வேலை இல்லை. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

பெயர் ஒரு வரியை முழுதாக நிரப்பியது. ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

சி மொழி தெரிந்தவர்களுக்கு இங்கேயே வயிற்றைப் பிசையும். சி மொழியில் சரம் எங்கே முடிகிறது என்று சொல்ல இறுதியில் ஒரு சுழியப் பைட் வேண்டும். 32 பைட் இடத்தில் 31 பைட் பெயரும் ஒரு சுழியும்தான் கொள்ளும். இங்கே பெயரே 32. அப்படியானால் சுழி எங்கே? அடுத்த வரியின் முதல் கட்டத்தில். அடுத்த வரியின் முதல் நான்கு கட்டங்கள், பத்து நாள் மொத்தம்.

பெயரை மாற்றிச் சொல்கிறேன், பைட் கணக்கு மாறாதபடி: மு. கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘மு’ நமக்கு ஓர் எழுத்து, யுனிகோடுக்கு மகரமும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு. ‘கந்தசாமி’ நமக்கு ஐந்து, அதற்கு எட்டு. க, ந, புள்ளி, த, ச, கால், ம, இகரக் குறி. ஆகப் பத்துக் குறியீடு, முப்பது பைட். முதலெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, இரண்டு பைட். மொத்தம் 32. அந்த இடைவெளியை விட்டுவிட்டு ‘மு.கந்தசாமி’ என்று எழுதியிருந்தால் 31 பைட், பிழையே வந்திருக்காது.

நிரலை எழுதியவர் அளவைச் சோதிக்காமல் விடவில்லை. பெயரின் நீளம் 32ஐத் தாண்டினால் பெயரை விட்டு எண்ணை மட்டும் அச்சிடு என்று இருந்தது. நீளப் பெயர்க்காரர்கள் வெறும் எண்ணோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ‘தாண்டினால்’ என்றதற்குப் பதில் ‘எட்டினால்’ என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு சமக்குறிதான் பெரியவரின் பாலைக் குடித்தது. சரியாக 32 பைட் நீளமுள்ள பெயர் பட்டியலில் இரண்டே பேருக்கு. இருவருக்குமே குறைந்திருக்கிறது, இன்னொருவர் கூட்டிப் பார்க்காதவர்.

அந்த ஒரு சுழி என்ன செய்யும் என்று பாருங்கள். இந்தச் செயலிகள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும். 5610 என்பது 256இன் 21 மடங்கும் மீதி 234உம். நினைவகத்தில் முதல் பைட் 234, இரண்டாவது 21, பிறகு இரண்டு சுழி. சுழி வந்து முதல் பைட்டில் உட்கார்ந்தால் மீதி அழிந்து 21 மடங்கு மட்டும் நிற்கும். 5376. இழப்பு ஒருபோதும் 255 அலகைத் தாண்டாது; சில நாள் 60 மில்லி போகும், சில நாள் இரண்டரை லிட்டர் போகும். எங்களை வெட்டுப்படுதல் பக்கம் திசைதிருப்பியது இந்த ஒழுங்கின்மைதான்.

கிறுக்கல்

இதற்குப் பிறகு வந்ததைத்தான் நான் இன்னும் ரசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியவரின் ரசீதுகளில் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஒரு கிறுக்கல் இருக்கும். ஒரு நாள் கட்டம், ஒரு நாள் கமா, ஒரு நாள் ஆங்கில எழுத்து. அச்சுப்பொறியின் தலை போய்விட்டது என்று சொல்லி நிலையத்தார் ஒருமுறை மாற்றியும் இருக்கிறார்கள்.

பெயரின் முடிவில் சுழி இல்லையென்றால், அச்சிடும் பகுதி சுழி தென்படும்வரை போய்க்கொண்டே இருக்கும். பெயர் முடிந்ததும் அடுத்துக் கிடைப்பது மொத்தத்தின் முதல் பைட். அதையும் ஓர் எழுத்து என்று நினைத்து அச்சிட்டுவிடும். சரிபார்க்கலாம் என்று கம்பியிலிருந்து ஒரு ரசீதை எடுத்தோம். 5376க்கு அடுத்த வேளை 6.12 லிட்டர் ஊற்றியிருக்கிறார், மொத்தம் 59.88. 5988ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 23, மீதி 100. ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 100ஆம் இடத்தில் இருப்பது ஆங்கிலத்தின் நான்காவது சிறிய எழுத்து. ரசீதில் கந்தசாமியை ஒட்டி அதே எழுத்து நின்றது.

நான்கு மாதமாக நிரல் தன் நோயை ஒவ்வொரு ரசீதிலும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அச்சுப்பொறியைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு ஆண்டு ஏன் வரவில்லை

மொத்தம் எட்டு பைட் தசமமாக இருந்த காலத்தில் பதிவின் அமைப்பு வேறு. எட்டு பைட் எண் எட்டால் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பது தொகுப்பியின் வழக்கம். உறுப்பினர் எண்ணுக்கு 4, பெயருக்கு 32, ஆக 36. அடுத்த எட்டின் மடங்கு 40. நடுவில் நான்கு பைட் வெற்றிடம். வழிந்த சுழி அந்த வெற்றிடத்தில் விழுந்து யாருக்கும் தெரியாமல் கிடந்தது. நான்கு பைட் முழு எண்ணாக மாற்றியதும் அது 36இலேயே தொடங்கியது. வெற்றிடம் போனது, சுழி பாலில் விழுந்தது. ஆக மாற்றம்தான் பிழையை வெளிக்கொண்டுவந்தது என்ற எங்கள் முதல் சந்தேகம் பாதி சரி. அதைச் செய்தவரிடம் இதை விளக்கியபோது அவர் முகத்தில் வந்தது நிம்மதியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதிவின் அமைப்பு உகப்பாக்கத்தைப் பொறுத்தது அல்ல. அதனால்தான் தொகுப்பு முறையை மாற்றியும் பிழை ஓடி ஒளியவில்லை.

வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் ஏன் மௌனமாக இருந்தன? அவை ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் எல்லைக்கு வெளியே போனால் கூச்சலிடும். இங்கே வழிந்தது ஒரே பதிவுக்குள், ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்கு. வீட்டு மதிலைக் காவல் காக்கிறவருக்குக் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போன திருடன் தெரியமாட்டான். தொகுக்கும்போது ‘ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்’ என்ற காப்பை இரண்டாம் நிலையில், உகப்பாக்கத்தோடு, இட்டிருந்தால் முதல் நகலெடுப்பிலேயே நிரல் நிறுத்தப்பட்டிருக்கும். அந்த நிலையில் அது, நகலெடுக்கும் இடத்தின் அளவாகப் பதிவின் மிச்சம் முழுவதையும் எடுக்காமல், பெயரின் 32 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். முதல் நிலை போதாது. சில லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்பியில் இந்தக் காப்பு இயல்பாகவே இருக்கும். எங்கள் பலகையில் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

கருவியைப் பற்றிச் சில புகார்கள்

பாராட்டி முடித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பலகையின் மொழியமைப்பு வெறும் ‘சி’ என்று (இது நிரல் மொழி அல்ல, ஆங்கிலம் மட்டும் அறிந்த இயல்பு அமைப்பு) இருந்ததால், மாறிகள் பலகத்தில் பெயர் தமிழாக வரவில்லை. 340, 256 என்று எட்டை அடியாகக் கொண்ட எண்ணடிமான எண்கள் சாய்கோடுகளோடு அணிவகுத்தன. பதின்மத்தில் அவை 224, 174. தமிழ்க் குறியீடு எதை எடுத்தாலும் முதல் பைட் 224தான், இரண்டாவது 174 அல்லது 175. நல்லவேளை, மூன்றுக்கு ஒருமுறை 340 வருவதை எண்ணியே எத்தனை குறியீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் பெயரைப் படிக்க முடியாது. மொத்த உறுப்பினர் பட்டியலையும் மரமாக விரித்தபோது பக்கம் திணறியது; ஒவ்வொரு கிளைக்கும் அது ஜிடிபியிடம் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும், சுரங்கத்தின் வழியாக.

நிரல் செத்து விழுந்து, விட்டுச்சென்ற நினைவகப் படிமத்தைப் பார்ப்பதென்றால் நான் இப்போதும் வெறும் ஜிடிபியைத்தான் திறப்பேன். அங்கே கேள்வி ஒன்றுதான்: எங்கே விழுந்தாய். கேள்வி என்னவென்றே தெரியாத போதுதான் இந்தப் பலகங்கள் வேண்டும். பெயரின் கடைசிப் பைட்டைக் காட்டு என்று நான் ஜிடிபியிடம் கேட்டிருந்தால் அது உடனே சொல்லியிருக்கும், கேட்கத் தோன்றியிருக்காது. மூத்தவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்காணிப்புப் புள்ளி போட்ட பிறகு தானும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்கிறார். கண்டுபிடித்திருப்பார். ஆனால் கண்காணிப்புப் புள்ளி போட வேண்டும் என்று சொன்னது அந்தப் படிக்கட்டு வரைபடம்.

மொஸில்லாவில் பிறந்த ‘ஆர்ஆர்’ என்ற பதிவுக் கருவியோடு இதை இணைத்தால் நிரலைப் பின்னோக்கியும் ஓட்டலாம். 5376 என்று கண்டதும் அங்கிருந்து பின்னால் நடந்து குற்றவாளியின் வாசலுக்கே போயிருக்கலாம். எங்கள் பலகையின் செயலியில் அது ஓடவில்லை. பிறகு மேசைக் கணினியில் வேறொரு வேலைக்காகப் பயன்படுத்தினேன், அது தனிக் கதை.

திருத்தம்

ஒரு சமக்குறியைச் சேர்த்தால் பிழை போய்விடும், ஆனால் பெரியவருக்கு ரசீதில் பெயரும் போய்விடும். ஆகவே பெயருக்கான இடத்தை 96 பைட்டாக்கினோம். 31 தமிழ்க் குறியீடு கொள்ளும். அதையும் தாண்டும் பெயரை வெட்டும்போது மூன்று பைட்டின் நடுவில் கத்தி விழாமலும், மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமலும் வெட்ட ஒரு சிறு செயற்கூறு எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் போனது. பதிவுகள் அப்படியே பைட்களாகக் கோப்பில் சேமிக்கப்பட்டதால், அளவு மாறியதும் பழைய கோப்பைப் படிக்க முடியாது. பட்டுவாடா முடிந்து புதுக் கணக்கு தொடங்கும் நாள்வரை காத்திருந்து மாற்றினோம். காப்புத் தெரிவைத் தொகுப்புக் கோப்பில் சேர்த்தோம்; சேர்த்த உடனேயே அது, ரசீதின் தலைப்பை எழுதும் இடத்தில் அதே ‘தாண்டினால்’ இன்னொன்று இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. சோதனைப் பட்டியலில் இப்போது 30 முதல் 100 பைட் வரை எல்லா நீளத்திலும் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன.

ஊற்றல் பதிவுகள் தனிக் கோப்பில் இருந்ததால் நான்கு மாதக் கணக்கையும் மறுபடி கூட்ட முடிந்தது. பட்டியல் 11 முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. இருவருக்கும் சேர்த்து 27 லிட்டர் சொச்சம். நிலையத்தார் அடுத்த பட்டுவாடாவோடு கொடுத்துவிட்டார்கள்.

புதிய நிரல் ஏற்றிய அன்று காலை நானும் அங்கே இருந்தேன். பெரியவர் ரசீதை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

‘பெயருக்குப் பின்னால் ஒரு கிறுக்கல் இருக்குமே தம்பி, அதைக் காணோமே?’

‘அதுதான் பிழை ஐயா. சரிசெய்துவிட்டோம்.’

‘கண்ணாடி இல்லாத நேரத்தில் என் சீட்டை நான் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்’ என்றார்.